வேக்குவம் கருவியால் கூலன்ட் நிரப்புவது எப்படி? முதலில் கேஜ் முள்ளைப் படிக்கப் பழகுங்கள்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் லேடிஸ்மித் தாண்டியதும் வான் ரீனன் மலையேற்றம் தொடங்கும். போன குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலுள்ள லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். பாதி ஏற்றத்தில் ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்தது. கூடவே சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. வண்டியை ஓரம் கட்டி, குழந்தைகளுக்குப் போர்வையைச் சுற்றி, இன்ஜின் ஆறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அதற்கு முந்தின வாரம்தான் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்டை ஓடவிடும் வால்வு) மாற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைக் குவளையால் ஊற்றியிருந்தேன். உள்ளே காற்று சிக்கிக்கொண்டது.

ஹீட்டர் குளிர்ந்து இன்ஜின் சூடேறினால் பெரும்பாலும் ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) அல்லது கூலன்ட் குறைவு. கூலன்டை மேலிருந்து ஊற்றும்போது காற்று சிலிண்டர் ஹெட்டிலும் ஹீட்டர் குழாயிலும் ஒதுங்கி நிற்கும். தெர்மோஸ்டாட் அந்தக் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் நேரத்துக்குத் திறக்காது. வேக்குவம் கருவி செய்வது எளிய வேலை. முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த வெற்றிடமே பிறகு கூலன்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தேவையானவை: வேக்குவம் கருவி, 6 பார் அழுத்தத்தில் காற்று தரும் கம்ப்ரசர், கூலன்ட், காய்ச்சி வடித்த நீர், ஒரு சுத்தமான கேன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. காற்று வெளியேறும்போது காது கூசும் சத்தம் வரும், காதுக்கும் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பெல்லாம் ஒரே வகை இல்லை. வண்டியின் கையேட்டில் எந்த வகை, எத்தனை லிட்டர் என்று இருக்கும். 6 லிட்டர் பிடிக்கும் வண்டியென்றால் 7 லிட்டர் கலந்து வையுங்கள், கூலன்ட் பாதி, நீர் பாதி. ஏற்கெனவே நீர் கலந்து விற்பதை வாங்கினால் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. இது இனிப்பாக இருக்கும் விஷம். சிந்தினால் உடனே துடைத்து, நாயும் குழந்தைகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தம் குறைந்தால் நீர் சீக்கிரம் கொதிக்கும். கருவி உண்டாக்கும் வெற்றிடத்தில் 55, 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், கருவியின் கேஜ் முள் ஏறவே ஏறாது.

பழைய கூலன்டை வடித்துவிட்டு, வடிகால் திருகை இறுக்குங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். பிறகு ரேடியேட்டர் வாய்க்குப் பொருந்தும் ரப்பர் அடைப்பைக் கருவியில் மாட்டி உட்கார வையுங்கள். என்னுடையது டொயோட்டாவின் புரோஸ்பெக்டன் ஆலையில் செய்த பழைய கொரோல்லா. அதில் ரேடியேட்டர் கழுத்தின் பக்கவாட்டில் ரிசர்வ் டேங்குக்குப் போகும் சின்னக் குழாய் இருக்கிறது. ரப்பர் அடைப்பு அந்தக் குழாய்க்குக் கீழே போய் அழுந்த வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் அதன் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும்.

இப்போது கம்ப்ரசர் காற்றைத் திறங்கள். கேஜ் முள் ஏற ஏற, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உறிஞ்சித் தீர்த்த ஜூஸ் பாக்கெட் மாதிரி சப்பையாகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். நடுவில் கூலன்ட் ஹோஸைக் கேனில் மூழ்கவிட்டு, நிரப்பும் வால்வை ஒரு நொடி மட்டும் திறந்து மூடுங்கள். அந்த ஹோஸுக்குள் இருக்கும் காற்றும் இப்படி வெளியே போய்விடும். பலர் இதை விட்டுவிட்டு, எடுத்த காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பிவிடுகிறார்கள்.

முள் எவ்வளவு காட்ட வேண்டும்? டர்பனில் 22 முதல் 25 பாதரச அங்குலம். கிலோபாஸ்கலில் சொன்னால் 75 முதல் 85. இந்தக் கணக்கு கடல்மட்டத்துக்குத்தான். லெனேசியாவிலிருந்து மைத்துனர் ஒருநாள் கூப்பிட்டார்: "அத்தான், முள்ளு 20-ஐத் தாண்ட மாட்டேங்குது. கருவி கெட்டுப்போச்சா?" கெடவில்லை. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே மிச்சமிருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் மொத்த அழுத்தமே ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல்தான், கடற்கரையில் 101. டர்பனில் 25 காட்டும் கருவி அங்கே 20, 21 காட்டினால் அதே அளவு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

முள் நின்றதும் காற்று வால்வை மூடி, கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். இந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தக் கருவியை வாங்கலாம் என்பேன். ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன்பே கசிவு தெரிந்துவிடும். முள் அசையாமல் நின்றால் நல்லது. நகர்ந்தால் முதலில் ரப்பர் அடைப்பு, அப்புறம் நீங்கள் கழற்றி மாட்டிய கிளாம்ப்கள் என்ற வரிசையில் பாருங்கள், 'உஸ்' என்ற சன்னச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஓடும் வண்டியில் கூலன்ட் வெளியே தள்ளும், இங்கே காற்று உள்ளே இழுக்கிறது. உள்ளிழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும் விரிசல் இந்தச் சோதனைக்குத் தப்பலாம். அதனால் வண்டி ஓடிய பிறகும் ஒருமுறை அடியில் பார்த்துவிடுங்கள்.

முள் நின்றதா? கேனை ரேடியேட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்து, நிரப்பும் வால்வைத் திறங்கள். கூலன்ட் தானாகப் பாயும், சப்பையான ஹோஸ் மெல்லப் பருத்து எழும். அப்போது ஹோஸின் முனை கேனில் மூழ்கியே இருக்க வேண்டும். கூலன்ட் தீர்ந்து காற்றை இழுத்தால் எல்லாம் முதலிலிருந்து. நடுவில் மின்சாரம் போனால் கவலையில்லை. இனி கம்ப்ரசருக்கு வேலை இல்லை.

முள் பூஜ்யத்துக்கு வந்ததும் கருவியை எடுத்துவிட்டு, கழுத்துவரை கையால் ஊற்றி, ரிசர்வ் டேங்கை அதன் கோட்டுவரை தனியாக நிரப்பி, மூடியைப் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை வண்டியின் சூடு காட்டும் முள்ளைக் கவனியுங்கள். ஹீட்டரில் சூடான காற்று விடாமல் வர வேண்டும். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், ஆறிய இன்ஜினில் மட்டம் பாருங்கள். உள்ளே ஒட்டியிருந்த மிச்சக் காற்று வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். கேனில் மிஞ்சிய அந்த ஒரு லிட்டர் இதற்குத்தான்.