மத்திய அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதுவது எப்படி?

தென்காசிப் பக்கம் பீடி சுற்றிய பெண்களுக்கு பி.எஃப். மனு எழுதிக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: "இங்கிலீஷ்ல எழுதினாத்தான எடுப்பாக?"

அப்படி இல்லை. குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு ஆச்சியின் மனுவை ஓர் அலுவலகத்தில் "ஆங்கிலத்தில் எழுதி வாங்க" என்று திருப்பிவிட்டார்கள். மூன்று பஸ் மாறிப் போய் வந்த கிழவி. மறுமுறை, பொருள் வரிக்கு மேலே, "அரசியலமைப்பின் 350ஆம் பிரிவின்படி இம்மனுவைத் தமிழில் அளிக்கிறேன்" என்று எழுதினேன். வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வரி இல்லாமல் நான் மனு எழுதுவதில்லை.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வழக்கம்போலத்தான். பெயரில்தான் கவனம் வேண்டும். 'முத்து' என்பதில் ஆதாரில் ஒரு 'எச்' இருக்கும், பாஸ்புக்கில் இருக்காது. அதனால் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதுங்கள். பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பி.எஃப். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். ஒரு மனுவில் ஒரு குறை போதும்.

நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட், ரசீது பத்திரம்.

பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 350ஆம் பிரிவில் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் இந்தியில் மட்டும் கடிதம் வந்தால் சும்மா இருக்காதீர்கள். மத்திய அரசு அலுவலகங்களில் இந்தியை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, வந்த கடிதத்தின் நகலை இணைத்து, புரியும் மொழியில் பதில் கேளுங்கள்.

பதிலே வரவில்லையா? 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அதையும் இங்கே தமிழில் எழுதலாம். "இந்தத் தேதியில் கொடுத்த என் மனுமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.