சப்போனின் புற்றுசெல்லைக் கொன்றதா, கரைத்ததா?

புதிதாகச் சேரும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் கிராஃப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செடியிலிருந்து பிரித்த சப்போனின் (சோப்புபோல் நுரைக்கும் பொருள்), ஹீலா செல்கள் (லேபில் வளர்க்கும் ஒரு புற்றுசெல் வகை), ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று செங்குத்தாக விழும் கோடு. முகம் நிறையச் சிரிப்பு வேறு. நான் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு நேரத்தில் செத்தது?

சப்போனின் மூலக்கூறின் ஒரு பக்கம் கொழுப்போடு ஒட்டும், மறுபக்கம் உள்ள சர்க்கரைச் சங்கிலி தண்ணீரோடு ஒட்டும். சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு பல சப்போனின்கள் ஓட்டை போட்டுவிடும். செல் சவ்வைத் துளைப்பதற்கென்றே லேபில் டிஜிடோனினை வைத்திருக்கிறோம், அதுவும் சப்போனின்தான். இப்படிச் சாவதில் புற்றுசெல், நல்ல செல் என்ற பேதம் பெரிதாக இருக்காது. ஆகவே சோதனையை ஆரம்பத்திலிருந்தே இந்தச் சந்தேகத்தோடு அமையுங்கள்.

ஸ்டாக்கை, அதாவது அடர்த்தியான மூலக் கரைசலை, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் தயாரித்தால், செல்கள் வளரும் சின்னக் குழியான வெல்லில் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட வெல்களும் வேண்டும். கலக்கும்போது பைபெட்டை மேலும் கீழும் அடிக்காதீர்கள், நுரைத்துத் தள்ளும். பைபெட்டை இரண்டாவது நிறுத்தம்வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம்வரை மட்டும் விடுங்கள். முனையில் கொஞ்சம் மிஞ்சும், அது அங்கேயே இருக்கட்டும். அளவு சரியாக இருக்கும், குமிழும் வராது. மீறி வந்தால், ஒளி உறிஞ்சலை அளக்கும் ரீடரில் வைக்கும் முன் சுத்தமான ஊசி முனையால் தொட்டு உடைத்துவிடுங்கள். ஒரு குமிழ் போதும், அந்த வெல்லின் ரீடிங்கை நம்ப முடியாது.

96 வெல் பிளேட்டில் ஓரத்து வெல்கள் காய்ந்துபோகும், அவற்றில் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு உள் வெல்களில் மட்டும், வெல்லுக்கு 5,000 முதல் 10,000 செல்கள் வரை போடுங்கள். செல் வளர்ப்பு மீடியத்தில் சேர்க்கும் சீரம் அளவைக் கட்டாயம் குறித்துவையுங்கள். சீரத்தில் உள்ள கொலஸ்ட்ராலும் சப்போனினைப் பிடித்துக்கொள்ளும். சீரத்தைக் குறைத்தால் அதே சப்போனின் திடீரென்று பலசாலி ஆகிவிடும். நல்ல செல்லுக்கு ஒரு சீரம் அளவு, புற்றுசெல்லுக்கு இன்னொன்று என்று வைத்துவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டு பிளேட் வையுங்கள். ஒன்றை ஒரு மணி நேரத்தில் எடுத்து செல்லுக்குள் இருக்க வேண்டிய எல்டிஎச் என்சைம் மீடியத்தில் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள்ளேயே கொட்டியிருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. செல் தானே திட்டமிட்டுச் சாகும் அபோப்டோசிஸுக்குப் பொதுவாகப் பல மணி நேரம் ஆகும். மற்றதை 24 அல்லது 48 மணி நேரம் விட்டு எம்டிடி (உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும் சாயம்) சோதனை செய்யுங்கள்: மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், மூன்று நான்கு மணி நேரம், பிறகு ஊதாப் படிகங்களை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் அளவு. செல்லே இல்லாத வெல்களிலும் சாற்றையும் எம்டிடியையும் போடுங்கள். சுத்தம் செய்யாத சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் தாங்களாகவே எம்டிடியை ஊதாவாக்கிவிடும், செத்த செல்லும் உயிரோடிருப்பதாகத் தெரியும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சப்போனினை முன்கூட்டியே கொலஸ்ட்ராலோடு கலந்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் செல்லில் போடுங்கள். கொல்லும் சக்தி காணாமல் போனால் சவ்வுதான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். செலவும் குறைவு, ஆனாலும் பலர் செய்வதில்லை.

சாகும் செல்லின் சவ்வில் ஒட்டும் புரதமான அனெக்சின் ஒட்டியதை மட்டும் வைத்து அபோப்டோசிஸ் என்று எழுதாதீர்கள். சவ்வில் ஓட்டை விழுந்தால் அனெக்சின் உள்ளே போயே ஒட்டிக்கொள்ளும். அபோப்டோசிஸை நடத்தும் என்சைமான காஸ்பேஸ்-3 வெட்டுப்பட்டதா, பார்ப் புரதம் 116 கிலோடால்டனிலிருந்து 89க்கு இறங்கியதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பாருங்கள். காஸ்பேஸ் தடுப்பானைச் சேர்த்தால் செல்கள் பிழைக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியாகச் சிவப்பணுச் சோதனை. பிபிஎஸ்ஸில் 2 சதவீதச் சிவப்பணுக் கரைசல், அதில் சப்போனின், 37 டிகிரியில் ஒரு மணி நேரம், சுழற்றி மேல்நீரை 540 நானோமீட்டரில் அளக்க வேண்டும். எல்லாச் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும் டிரைட்டான் போட்ட குழாய்தான் நூறு சதவீதம். சிவப்பணுவை உடைக்கும் அளவும் புற்றுசெல்லைக் கொல்லும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றென்றால், அதை ரத்தத்தில் செலுத்தும் மருந்தாக நினைக்காதீர்கள். தூக்கிப்போடவும் வேண்டாம்: குயில்லாயா மரப்பட்டையின் க்யூஎஸ்-21 சப்போனின் அக்கி நோய்த் தடுப்பூசியில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாக இருக்கிறது.

வாய்வழி மருந்து என்று யோசிப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. குடல் பாக்டீரியாக்கள் சர்க்கரைகளைக் கழற்றிவிடும். ஜின்செங் செடியின் சப்போனினான ஜின்செனோசைட் ஆர்பி1 இப்படித்தான் காம்பவுண்ட் கே ஆகிறது. அதனால் ஆர்பி1ஐ மட்டும் சோதித்து நிறுத்தாமல், காம்பவுண்ட் கேயையும் அதே பிளேட்டில் பக்கத்து வரிசையில் போடுங்கள்.