ஹாங்காங் நிலாத் திருவிழா: லீவு மறுநாள்தான்

ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்த புதிதில் பலரும் சறுக்கும் இடம் இது. நிலாத் திருவிழாவுக்கு விடுமுறை என்றதும் அன்றைக்கே லீவு என்று நினைத்துவிடுகிறார்கள். சீனாவிலும் தைவானிலும் அப்படித்தான். ஹாங்காங்கில் மறுநாள். திருவிழாவே ராத்திரியில்தானே! வெகுநேரம் நிலா பார்த்தவர்கள் காலையில் தூங்க வேண்டாமா?

போன வருஷத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சீன நாட்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் திருவிழா. அதனால் 2024இல் விடுமுறை செப்டம்பர் 18, 2025இல் அக்டோபர் 7. மறுநாள் ஞாயிறாக இருந்தால் திங்களுக்குத் தள்ளிப்போகும். 2022இல் அப்படித்தான் ஆனது.

மூன்கேக் என்னும் திருவிழா இனிப்புப் பெட்டியை விடுமுறை முடிந்து ஆபீசுக்கு எடுத்துப் போகாதீர்கள். திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் கொடுப்பதுதான் வழக்கம். அப்புறம், ஒரு கேக்கை முழுசாகக் கடிக்கவும் வேண்டாம். தாமரை விதை விழுதுக்குள் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு. இனிப்பும் நெய்ப்பும் திகட்டிவிடும். எட்டாக வெட்டி, மெல்லிய துண்டு ஒன்றைச் சூடான தேநீரோடு சாப்பிட்டுப் பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய முறை கேக்குகளில் பன்றிக் கொழுப்பும் சேர்வதுண்டு.

இனி சொல்வதைப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தயவுசெய்து கவனியுங்கள். காலி மூன்கேக் டின்னில் மெழுகுவத்திகளை உருக்கி விளையாடும் பழக்கம் இங்கே உண்டு. கொதிக்கும் மெழுகில் யாராவது தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் சட்டென ஆவியாகி மெழுகைத் தூக்கி எறியும். நெருப்பு ஆளுயரத்துக்கு எழும். பூங்காக்களில் இதற்குத் தடை. தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் பக்கமே போகாமல் டின்னை உலோக மூடியால் மூடுங்கள். சின்னக் குழந்தை கையில் பேட்டரி விளக்கே போதும்.

திருவிழா ராத்திரியோடு எல்லாம் முடிந்தது என்று விடுமுறை நாள் மாலையில் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். டாய் ஹாங் பகுதியில் ஆட்கள் தூக்கி ஆட்டும் 67 மீட்டர் நீள நெருப்பு டிராகன் உருவம் வழக்கமாக மூன்று ராத்திரி ஆடும். மூன்றாவது ராத்திரி இதுதான். 1880இல் கொள்ளைநோயை விரட்டத் தொடங்கிய ஆட்டம். உடம்பு முழுக்கச் செருகிய ஊதுவத்திகள் புகைய, தெருவே சாம்பிராணி போட்ட வீடு போல மணக்கும். தெருக்களை அடைத்துவிடுவார்கள், டாக்சி வேண்டாம். டின் ஹாவ் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். முதல் நாள் மேகம் மறைத்திருந்தாலும் கவலையில்லை, பல வருஷங்களில் பதினாறாம் நாள் நிலாதான் முழுசாக இருக்கும்.