கமராவை மாற்றுவதற்கு முன்: மலையகத்துப் படப்பிடிப்பு ஆர்வலருக்கு

பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஒருவர் பதினைந்து, இருபது ஆண்டுகளில் நான்கைந்து கமராக்களைக் கடந்து வருவது இன்று சாதாரணம். அந்த மாற்றங்களில் எவை உண்மையாகவே தேவைப்பட்டன என்று கேட்டால் பலரும் தயங்குவர். ஆகவே புதியதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குமுன், கையில் உள்ள கமராவால் எடுக்க முடியாமற்போன படங்களையும் அதற்கான காரணங்களையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். நேரம் பிந்திப் போனது, நின்ற இடம் பிழை, மூடுபனியில் படம் சாம்பல் நிறமானது போன்ற காரணங்களே பக்கத்தை நிரப்பினால், கமராவை மாற்றுவதால் எதுவும் மாறப்போவதில்லை.

இதற்கு நம் மலைகளிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோனுக்கு, 1863ஆம் ஆண்டு டிசெம்பரில், அவரது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் முதல் கமராவைப் பரிசளித்தனர். 1865இல் அவர் 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு கொள்ளும் பெரிய கமராவுக்கு மாறினார். மனித முகத்தை மிக நெருக்கமாகவும் பெரிதாகவும் பதிய வேண்டும் என்ற தேவைக்கு அது பொருந்தியது. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறக்கும்வரையான காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். தேவை இன்னதென்று தெரிந்து கருவியை மாற்றுவது என்பது இதுதான்.

கைபேசியில் தொடங்குவோர் முதலில் மூடுபனியைக் கையாளப் பழகட்டும். எந்தக் கமராவின் ஒளிமானியும் தன் முன் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிட முனைவதால், வெண்பனி மூடிய தேயிலை மலை படத்தில் அழுக்கேறித் தெரியும். கைபேசியில் திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். கமராவில் கூட்டல், கழித்தல் அடையாளமிட்ட பொத்தானால் +0.7 முதல் +1 வரை உயர்த்துங்கள். பனிக்குள் தானியங்கிக் குவியம் பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் தடுமாறும்போது, அருகில் நிற்கும் சவுக்கு மரத்தின் அடிமரத்திலோ செடியின் விளிம்பிலோ குவியத்தை வைத்தால் போதும்.

அடுத்த படி பெரும்பாலும் பாவித்த டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) ஆகத்தான் இருக்கும்; அதில் தவறில்லை. ஆனால் மலைநாட்டில் பாவித்த கமரா வாங்குவோர் கமராவின் உடலைக் காட்டிலும் லென்ஸையே கூர்ந்து பார்க்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, அதனுள் ஒளி புகும் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து கைபேசி விளக்கை அடித்து முன்புறமாகச் சற்றுச் சாய்வாக நோக்குங்கள். சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். முற்றிய நிலையில் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடுமாதலால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன்பின் ஷட்டர் (படமெடுக்கும்போது திறந்து மூடும் திரை) எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலை உடல்கள் பலவற்றின் ஷட்டருக்கு ஆயுள் ஏறத்தாழ 100,000 தடவைகள் என்பதே கணிப்பு.

வாங்கியதைக் காப்பதுதான் இங்கே பெரிய வேலை. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து வீடுகளில் அந்த அளவு தானாகவே வந்துவிடும். சமையல் புகையும் ஈரமும் சேரும் லயன் காம்பராவில் (தோட்டக் குடியிருப்பு அறையில்) துணிப்பையிலோ தோல் உறையிலோ கமராவை மாதக்கணக்கில் வைப்பது அதை நோய்க்கு ஒப்புக்கொடுப்பதாகும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளும், சிறிய ஈரப்பதன்மானி ஒன்றும் போதும். உள்ளே 40 முதல் 50 வீதம் இருக்கட்டும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும் அவற்றை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில் சில மணிநேரம் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தூசிதான் மிஞ்சும். குளிரில் நின்ற கமராவை வெந்நீர் கொதிக்கும் சமையலறைக்குள்ளோ, நுவரெலியாவிலிருந்து இறங்கிக் கொழும்பின் புழுக்கத்துக்குள்ளோ கொண்டுசெல்லும்போது, முன்னதாகவே பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் நீர்த்துளி பையின் வெளிப்புறத்திலேயே படியும்.

மழைக் காப்பில்லாத உடல் என்றால் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குச் சரிவு நனையும் மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் பெரும்பாலும் வறண்டிருக்கும்; தெமோதரைக்கருகே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் அதுவே நல்ல காலம்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவுக்கு மாற ஒரு நியாயமான காரணம் உண்டு: கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையிலேயே படத்தின் வெளிச்சம் முன்கூட்டித் தெரிவதால் பனியில் ஊகம் குறைகிறது. பழைய லென்ஸை விற்கவும் தேவையில்லை. நிக்கோன் டி.எஸ்.எல்.ஆர். கமராக்களின் எஃப் வகைப் பொருத்து லென்ஸ், படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து 46.5 மில்லிமீற்றர் தூரத்தில் அமர வேண்டியது. சோனி மிரர்லெஸ் கமராக்களின் ஈ வகைப் பொருத்தில் அந்தத் தூரம் 18 மில்லிமீற்றர்தான் என்பதால், இடைவெளியை ஒரு வளையம் நிரப்பிவிடும். குவியத்தை மட்டும் கையால் திருப்ப நேரும். உடல்கள் வந்து போகும், நல்ல லென்ஸ் நிற்கும் என்பதால் பணத்தை லென்ஸில் போடுவதே என் தெரிவு.

சிறிய கமராவுக்கு மாறுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. பெரிய லென்ஸைக் கண்டதும் கொழுந்தெடுக்கும் அக்காமார் விறைத்துவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கேளாமல் எடுத்துப் போன அனுபவம் அவர்களுக்கு நிறையவே உண்டு. கொழுந்தின் நிறை அவர்களது வருமானத்தோடு தொடர்புடையது என்பதால், வேலை நடுவே நிறுத்திவைக்காமல், கொழுந்தை நிறை பார்த்து முடிந்த பிறகு அனுமதி கேட்டு எடுங்கள். அச்சிட்ட பிரதியை அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒதுக்கிய பழைய கமராவிலிருந்து பற்றரியைக் கழற்றி வேறாக வைத்து, மாதமொருமுறை போட்டு, ஷட்டரைச் சில தடவை இயக்குங்கள். பூஞ்சணம் பிடித்த லென்ஸ் ஏதும் இருந்தால் அதைத் துப்புரவாக்கும்வரை மற்றவற்றின் பெட்டியில் சேர்க்காதீர்கள்.