மூஸ் வேட்டைக்கு முன் ஸ்கோப்பைச் சரிசெய்த விதம் – என் அனுபவம்

கனடாவின் வட ஒன்டாரியோ காட்டில் மூஸுக்கு (பெரிய மான் வகை) .30-06 அளவு ரைஃபிளும் 180 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவும் தாராளம். அதைவிடப் பெரியதை எடுத்தால் சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்தே விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவோம்.

என் ரைஃபிளில் கோளாறு வேறு. 100 மீட்டரில் மூன்று குண்டுகள் 5 அங்குலம் சிதறின. தோட்டாவை மாற்றியும் பயனில்லை. ரைஃபிளின் அறையில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) பிடிக்கும் வளையங்களைக் கழற்றினேன். ஸ்கோப் குழாயில், வளையம் பிடித்த இடத்தில், நகக்கண் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்த தடம். ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் முன்னால் நழுவியிருக்கிறது. வளையங்களை ரைஃபிளோடு இணைக்கும் அடித்தட்டின் முன் திருகும் கால் சுற்று தளர்ந்திருந்தது; மரையில் எண்ணெய் படிந்ததுதான் காரணம்.

திருகுகளையும் மரைகளையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டேன். அடித்தட்டுத் திருகுகளுக்கு மட்டும் ஒரு சொட்டு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை), 20 இஞ்ச்-பவுண்டு முறுக்கு. வளையங்களுக்கு 16, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கம் இறுக்கினால் குழாய் நசுங்கும். லாக்டைட் இறுக ஒரு நாள் விட்டுச் சுட்டபோது சிதறல் ஒன்றரை அங்குலம். 100 மீட்டரில் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தேன். 200 மீட்டர் வரை குறியை மாற்ற வேண்டாம்.

போல்ட்டில் (அறையை மூடும், சுடும் ஊசி உள்ள பாகம்) தடித்த எண்ணெய் வேண்டாம். குளிரில் இறுகி, ஊசி மெதுவாக அடித்து, தோட்டா வெடிக்காது. முகாம் போனதும் மூன்று குண்டு சுட்டுப் பார்த்தே தீரவேண்டும்.