பல இயங்குதளங்களுக்கு ஒரே மேக்ஃபைல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்களின் மேக்ஃபைல்களைத் திறந்தால், என் தொடக்க காலத்து மேக்ஃபைல்களை மீண்டும் படிப்பது போலவே இருக்கிறது. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக் கருவியை யூனிக்ஸுக்காக எழுதினார்; எந்தக் கோப்பை எப்படிக் கம்பைல் செய்வது என்று அதற்குச் சொல்லும் விதிகளின் கோப்புதான் மேக்ஃபைல். இன்றோ ஒரே மூலநிரல் அலுவலக விண்டோஸிலும், ஒருவருடைய ஆப்பிள் மடிக்கணினியிலும், ஆலையில் இருக்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியிலும் கம்பைல் ஆக வேண்டியிருக்கிறது. டேப் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி விடுவது போன்றவற்றை மேக்கே வரி எண்ணோடு சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இயங்குதளம் எது என்று ஒவ்வொரு விதியிலும் கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். லினக்ஸில் ஏதோ ஒன்று கம்பைல் ஆகவில்லை என்றால், அந்த விதிக்கு மேலேயே இஃப்ஈக்யூ என்னும் நிபந்தனை ஒன்றைப் போட்டு, இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் யூநேம் கட்டளையின் விடையைச் சோதித்து, கம்பைலருக்குத் தேவையான கொடியை, அதாவது விருப்பத்தை, சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு துணைக் கோப்புறையில் அதையே செய்கிறார். நாளடைவில் எந்தக் கொடி எந்தக் கோப்புக்குப் போகிறது என்பது எழுதியவர்களுக்கே தெரியாமல் போகிறது.

ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலை ஒன்றுக்காக ஒரு குழு எழுதிய எடைப் பதிவு மென்பொருளில் இதன் விலை தெரிந்தது. மரவள்ளிக் கிழங்கு லாரி எடை மேடையில் ஏறியதும் எடையையும் மாவுச்சத்துப் பாயிண்டையும் பதிந்து ரசீது அச்சிட வேண்டும். மடிக்கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறின. ஆலையில் 32 பிட் இயங்குதளம் ஏற்றிய ராஸ்பெரி பையிலோ, ரசீதின் எடைக் கட்டத்தில் பூஜ்ஜியமும் பாயிண்ட் கட்டத்தில் எடையும் விழுந்தன. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் தரவை அனுப்பும் வரிசை மாறிவிட்டது என்று கருதி கேபிளை மாற்றினார்கள், பிறகு இண்டிகேட்டரையே மாற்றினார்கள். கிழங்கு லாரிகள் வாசலில் நின்றன.

பழுது மேக்ஃபைலில் இருந்தது. பதிவுக் கோப்பைப் படிக்கும் பகுதியின் விதியில், லினக்ஸ் கிளைக்குள், ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் என்னும் மேக்ரோவை 64 என்று ஒருவர் வைத்திருந்தார். ரசீது அச்சிடும் பகுதி இருந்த துணைக் கோப்புறையில் அது இல்லை. இரு பகுதிகளும் பகிர்ந்துகொண்ட ஸ்ட்ரக்ட் என்னும் தரவுத் தொகுப்பின் முதல் உறுப்பு கோப்பு இருப்பிடத்தைக் குறிக்கும் ஆஃப்-டி வகை. அந்த மேக்ரோ இருந்தால் ஆலையின் 32 பிட் லினக்ஸில் அது 8 பைட், இல்லாவிட்டால் 4 பைட். ஆகவே ஒரு பகுதி எட்டாம் பைட்டில் எழுதிய எடையை மற்றப் பகுதி நான்காம் பைட்டில் தேடி, இருப்பிட எண்ணின் மேல்பாதியான பூஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டது. எட்டாம் பைட்டில் கண்ட எடையைப் பாயிண்ட் என்று அச்சிட்டது. கம்பைலரும் லிங்கரும் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை. அவர்கள் சோதித்த 64 பிட் மடிக்கணினியில் அந்த வகை எப்போதும் 8 பைட்தான் என்பதால் சோதனைகளிலும் எதுவும் சிக்கவில்லை.

முதன்மை மேக்ஃபைலில் மூலக்கோப்புகளின் பட்டியலும் விதிகளும் மட்டும் இருக்கட்டும். ஒவ்வோர் இலக்குக்கும், அதாவது மென்பொருள் ஓடப்போகும் ஒவ்வொரு வகைக் கணினிக்கும், தனிக் கோப்பு வைத்து, அதில் கம்பைலரின் பெயர், கொடிகள், நூலகங்கள், வெளியீட்டின் பின்னொட்டு ஆகிய மாறிகளை மட்டும் எழுதி, இலக்கின் பெயரைக் கொண்டு இன்க்ளூட் செய்யுங்கள். தெரியாத இலக்கைக் கேட்டால் கோப்பு இல்லாமல் மேக் அங்கேயே நின்றுவிடும். இதற்காகவே இன்க்ளூடுக்கு முன் கழித்தல் குறி போடக்கூடாது. ஆப்ஜெக்ட் கோப்புகள் இலக்குவாரியாகத் தனித்தனிக் கோப்புறைகளில் விழ வேண்டும். மேக் நேர முத்திரையை மட்டுமே பார்ப்பதால், கொடியை மாற்றினால் எதுவும் தானாக மீண்டும் கம்பைல் ஆகாது. ஒவ்வோர் ஆப்ஜெக்டும் அந்த இலக்குக் கோப்பையும் சார்ந்திருக்கிறது என்று விதியில் எழுதிவிடுங்கள்.

யூநேமை முழுதாக நம்புவது

யூநேம் சொல்வது கம்பைல் நடக்கும் கணினியைப் பற்றி. மென்பொருள் ஓடப்போகும் கணினியைப் பற்றி அன்று. மடிக்கணினியில் இருந்துகொண்டு ராஸ்பெரி பைக்காகக் கம்பைல் செய்யும்போது அதன் விடை பயன்படாது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் அது லினக்ஸ் என்றே சொல்லும். விண்டோஸின் வெறும் கட்டளைச் சாளரத்தில் அப்படியொரு கட்டளையே இல்லாததால் மாறி காலியாகி, நிபந்தனையின் எல்ஸ் கிளை ஓடும். எனவே இலக்கைப் பயனர் சொல்லட்டும், அவர் சொல்லாதபோது மட்டும் யூநேமைக் கேளுங்கள்.

எல்லா ஷெல்லும் பேஷ் என்று எண்ணுவது

கட்டளைகளை ஓட்ட மேக் இயல்பாக அழைப்பது எஸ்ஹெச் ஷெல்லை. உபுண்டுவில் 2006 முதல் அது டேஷ் என்னும் வேறொரு ஷெல் என்பதால், பேஷ் ஏற்கும் இரட்டைச் சதுர அடைப்புச் சோதனை அங்கே தோற்கும். கோப்பில் உள்ள உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையின் மைனஸ் ஐ விருப்பம் ஆப்பிளில் பின்னொட்டு ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கும், லினக்ஸில் கேட்காது. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவதே எங்கும் செல்லுபடியாகும் வழி.

ஆப்பிளின் பழைய மேக்

ஆப்பிள் தன் கருவிகளோடு தருவது 2006-இல் வந்த குனு மேக் 3.81. ஒரு விதியின் எல்லா வரிகளையும் ஒரே ஷெல்லில் ஓட்டும் ஒன்ஷெல் வசதி 3.82-இல்தான் வந்தது. 3.81 அதைப் பிழை என்று சொல்லாமல் இன்னொரு விதியின் பெயராகக் கருதிக் கடந்துவிடும். ஒவ்வொரு வரியும் தனி ஷெல்லில் ஓடுவதால், முதல் வரியில் கோப்புறை மாறியது இரண்டாம் வரிக்குத் தெரியாது.

தலைப்புக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து

மூலநிரலில் எழுதிய பெயரும் கோப்பின் பெயரும் பெரிய, சிறிய எழுத்தில் வேறுபட்டால் விண்டோஸ் மன்னிக்கும், லினக்ஸ் மன்னிக்காது.

துணைக் கோப்புறையில் வெறுமனே மேக் என்று எழுதுவது

டாலர் குறி போட்டு அடைப்புக்குள் மேக் மாறியை, $(MAKE) என்று, எழுதுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் குனு மேக்கின் பெயர் ஜிமேக், வெறும் மேக் என்றால் அங்கே வேறொரு கருவி ஓடும்.