ஒரே ரெப்போவில் நாலு லாம்டா: எதைத் தொட்டால் எது மேலே போகணும்?

பெரும்பாக்கம் பக்கம் தண்ணி லாரி ஓட்டும் ஒருவருக்கு, அபார்ட்மெண்ட்காரர்கள் போனிலேயே லாரி புக் பண்ணுகிற மாதிரி ஒரு சின்ன பேக்எண்ட் எழுதிக் கொடுத்தேன். மே மாதத்தில் விடியற்காலை நாலரைக்கே புக்கிங் குவியும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுக்க ஒன்றிரண்டு வந்தாலே பெரிது. இப்படி ஏறி இறங்குகிற வேலைக்கு நாள் முழுக்க ஒரு சர்வரை ஓடவிட்டு வாடகை கட்டுவது வீண், அதனால் ஏடபிள்யூஎஸ் லாம்டா: அமேசான் கிளவுடில், அழைப்பு வரும்போது மட்டும் நம் கோடை ஓட்டும் சேவை. மாதம் 10 லட்சம் அழைப்பு, 4 லட்சம் ஜிபி-செகண்ட் (மெமரி அளவு பெருக்கல் ஓடும் நேரம்) வரை இலவசம், நம்ம லாரிக்கு அது தாராளம்.

லாம்டாவில் ஓடும் ஒவ்வொரு கோட் துண்டும் ஒரு ஃபங்ஷன், என்னிடம் நாலு: புக்கிங் வாங்குவது, பணம் வந்ததாகப் பேமெண்ட் பக்கமிருந்து வரும் வெப்ஹுக்கை (தானாக வரும் தகவலை) வாங்குவது, டிரைவருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது, மாதக் கடைசியில் பில் போடுவது. நாலும் ஒரே ரெப்போவில் (கோட் எல்லாம் வைத்திருக்கும் இடத்தில்) இருக்கின்றன. ஃபங்ஷன்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் நாலு ஃபோல்டர், பக்கத்தில் பேக்கேஜஸ் என்று இன்னொன்று. போன் நம்பரைச் சரிபார்ப்பது, தேதிக் கணக்கு, தூரத்துக்கு ஏற்ற ரேட் என்று எல்லோருக்கும் பொதுவானதெல்லாம் இந்த இரண்டாவதில். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் பிஎன்பிஎம் என்ற டூலின் வொர்க்ஸ்பேஸ் இதற்குப் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பொதுப் பேக்கேஜைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் அதை டிபென்டென்சியாக (தான் நம்பியிருப்பதாக) எழுதியிருக்க வேண்டும். புள்ளி புள்ளி ஸ்லாஷ் போட்டு நேராக அந்த ஃபோல்டருக்குள் கைவிட்டு இம்போர்ட் செய்தாலும் கோட் ஓடும், ஆனால் யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று பிஎன்பிஎம்முக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

கோடை ஏற்றத் தயாராக்கும் பில்டுக்கு எஸ்பில்ட் என்ற டூல். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாக பண்டில் பண்ணி ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக்கி, அதை மட்டும் ஜிப் போடுங்கள். இறக்கிய லைப்ரரிகள் எல்லாம் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே அள்ளிப் போடுவது சோம்பேறித்தனம், அதற்குத் தண்டனையும் உண்டு: ஜிப்பைப் பிரித்த பிறகு 250 எம்பியைத் தாண்டினால் லாம்டா வாங்காது, அதற்குள் இருந்தாலும் ஜிப் பெருக்கப் பெருக்க கோல்டு ஸ்டார்ட், அதாவது சும்மா இருந்த ஃபங்ஷன் விழித்து ஓட ஆரம்பிக்கும் நேரம், இழுக்கும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 18 முதல், ஏடபிள்யூஎஸ் சேவைகளை அழைக்கும் எஸ்டிகே லைப்ரரியின் மூன்றாம் வெர்ஷன் லாம்டா ரன்டைமிலேயே இருக்கிறது, வேண்டுமானால் அதை வெளியே விட்டுவிடலாம். நான் விடுவதில்லை, எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று என் லாக்ஃபைல்தான் (வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் ஃபைல்) சொல்ல வேண்டும், அவர்கள் அல்ல.

இப்போது நான் சொதப்பிய இடத்துக்கு வருகிறேன்.

லாம்டாவின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். ஜூன் 1 காலை 5:10க்கு ஒருவர் லாரி கேட்டால், லாம்டாவுக்கு அது மே 31 இரவு 11:40. அதாவது விடியற்காலையில் புக் செய்கிற எல்லோரும், சென்னையில் தண்ணி லாரி கேட்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தானே, முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். சரி என்று பொதுப் பேக்கேஜில் தேதிக் கணக்கைத் திருத்தி, டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுத்து, புக்கிங் ஃபங்ஷனிலும் ஒரு வரி மாற்றி கிட்ஹப்புக்கு புஷ் பண்ணினேன், அங்கிருந்து தானாகவே லாம்டாவுக்கு ஏறும்படி வைத்திருந்தேன். பச்சை டிக் வந்தது, தூங்கப் போய்விட்டேன்.

மாதம் முடிந்ததும் லாரிக்காரர் போன் பண்ணினார். "தம்பி, மெசேஜ்ல ஒண்ணாம் தேதின்னு இருக்கு, பில்லுல முப்பத்தொண்ணுன்னு இருக்கு, அபார்ட்மெண்ட் செக்ரட்டரி என்னைத்தான் கேக்குறாரு." புக்கிங் ஃபங்ஷன் மட்டும் புதுசாக மேலே போயிருந்தது. பில் ஃபங்ஷன் பழைய தேதிக் கணக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நான் எழுதியிருந்த பாத் ஃபில்டர், அந்தந்த ஃபங்ஷன் ஃபோல்டரில் மாற்றம் உண்டா என்று மட்டும்தான் பார்த்தது. பொதுப் பேக்கேஜ் மாறினால் அதைச் சுமக்கிற எல்லோரும் மாற வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே பாத் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். எந்தப் பேக்கேஜ்களை எடுப்பது என்று சொல்லும் பிஎன்பிஎம்மின் ஃபில்டரில், எந்த கமிட்டோடு (கோடின் சேமித்த நிலையோடு) ஒப்பிட வேண்டுமோ அதைச் சதுர அடைப்புக்குள் கொடுத்து, அதற்கு முன்னால் மூன்று புள்ளி வையுங்கள். அந்த மூன்று புள்ளிதான் விஷயமே: மாறிய பேக்கேஜோடு அதை நம்பியிருக்கும் அத்தனையும் சேர்ந்து வரும். புள்ளியைப் பின்னால் வைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும், அது எதையெல்லாம் நம்பியிருக்கிறதோ அவை வரும். இதே வேலைக்கான டர்போரெப்போ என்ற டூலிலும் இதே வழக்கம்தான், என்எக்ஸ் என்ற இன்னொன்றில் அஃபெக்டட் என்று தனி கமாண்டே உண்டு. இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற ரெப்போவுக்கு பிஎன்பிஎம்மே போதும் என்பேன்.

எந்த கமிட்டோடு ஒப்பிடுவது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. முந்தைய கமிட்டோடு ஒப்பிட்டால், ஒரு தடவை டிப்ளாய் (கோடை மேலே ஏற்றுவது) பாதியில் விழுந்து, அடுத்து நீங்கள் ரீட்மீயில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி புஷ் பண்ணினால், விழுந்தது விழுந்ததுதான், யாரும் அதைத் தூக்கிவிட மாட்டார்கள். அதனால் டிப்ளாய் முழுசாக முடிந்த பிறகு ஒரு கிட் டேகை (கமிட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டை) அந்த கமிட்டுக்கு நகர்த்தி, அடுத்த முறை அந்த டேகோடு ஒப்பிடுங்கள். கிட்ஹப்பில் ரெப்போவை இறக்கித் தரும் செக்அவுட் ஆக்‌ஷன் வழக்கமாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும், பழைய டேக் அதற்குத் தெரியாது. ஃபெட்ச் டெப்தை 0 என்று வைத்தால் முழு வரலாறும் வரும். லாக்ஃபைல் மாறிய நாளில் நான் யோசிக்காமல் நாலையும் ஏற்றிவிடுகிறேன்.

ஏற்றுவதற்கு நான் வைத்திருப்பது சிடிகே, ஏடபிள்யூஎஸ்ஸில் வேண்டியதைக் கோடாக எழுதி உருவாக்கும் டூல். ஃபங்ஷனுக்கு ஒரு ஸ்டாக் (சேர்ந்து ஏறும் தொகுப்பு), டேட்டா டேபிளுக்குத் தனி ஸ்டாக். கோட் தினமும் மாறும், டேபிள் மாறக்கூடாது, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். கிட்ஹப் சீக்ரெட்ஸில் ஏடபிள்யூஎஸ் ஆக்சஸ் கீயைப் போட்டு வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். கிட்ஹப் தான் யார் என்று ஏடபிள்யூஎஸ்ஸுக்கு நிரூபிக்கும் ஓஐடிசி வழியாக ஒரு ரோலைக் (தற்காலிக அனுமதியை) கொடுத்து, அதை யார் எடுக்கலாம் என்று சொல்லும் டிரஸ்ட் பாலிசியில் இந்த ரெப்போ, இந்த மெயின் பிராஞ்ச் என்று கட்டிவிட்டால், சில மணி நேரத்தில் காலாவதியாகிற கீதான் கிடைக்கும், தொலைந்தாலும் பெரிய பயமில்லை. ரீஜன் (ஏடபிள்யூஎஸ் சர்வர்கள் இருக்கும் இடம்) மும்பை. சென்னைக்கு ஹைதராபாத் கிட்டே, 2022 முதல் அங்கேயும் ரீஜன் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டிய சர்வீஸ் எல்லாம் அங்கே உண்டா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் இன்னும் சில. குறித்த நேரத்தில் ஃபங்ஷனை ஓட்டும் ஈவண்ட்பிரிட்ஜ் ரூலில் எழுதும் கிரானும் (நேரக் குறிப்பும்) யூடிசிதான், காலை 6 மணிக்கு பில் ஓட வேண்டுமென்றால் 0 மணி 30 நிமிடம் என்று எழுத வேண்டும், ஈவண்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் என்றால் டைம்ஸோனையே கொடுக்கலாம். வெப்ஹுக் ஒரே பேமெண்டுக்கு இரண்டு தடவை வரலாம், பேமெண்ட் ஐடியைப் பார்த்து ஒரு தடவைதான் வரவு வையுங்கள். கிளவுட்வாட்சில் சேரும் லாகுகள் (ஃபங்ஷன் ஓடிய பதிவுகள்) நீங்கள் சொல்லாதவரை அழியவே அழியாது, 14 நாள் என்று வைத்துவிடுங்கள்.

எல்லாம் கட்டிய பிறகு இதைச் செய்து பாருங்கள். தேதிக் கணக்கு இருக்கிற பொதுப் பேக்கேஜில் ஒரு கமெண்ட் வரியை மாற்றி புஷ் பண்ணுங்கள், டிப்ளாய் லாகில் புக்கிங், பில் இரண்டின் பெயரும் வர வேண்டும். அடுத்து எஸ்எம்எஸ் ஃபோல்டரில் மட்டும் ஒரு வரி, அதன் பெயர் மட்டும் வர வேண்டும். முதல் தடவை என் லாகில் பில் வரவில்லை. தேடினால், அங்கே இன்னமும் புள்ளி புள்ளி ஸ்லாஷ்.